அச்சில் அறுபது எங்கே?

எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி அம்மோனியா கசிந்தது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயில் ஏற்பட்ட கசிவு அது. கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆலை வாசலருகே தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டில் உள்ள வரம்பு 400.

இந்த இரண்டு எண்களையும், அந்த மாதத்தின் மற்ற நாட்களையும் சேர்த்து ஒரு வரைபடம் போடச் சொல்லிக் கணினியிடம் கொடுத்தால் என்ன வரும்? செங்குத்து அச்சில் 0, 500, 1,000, 1,500, 2,000, 2,500 என்று எண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் மெல்லிய கோடு ஒன்று குறுக்கே ஓடும். நடுவில் ஊசிபோல ஓர் உச்சம் தெரியும், மற்ற நாட்கள் எல்லாம் தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும். 400 என்ற எண் அந்த அச்சில் எங்குமே இருக்காது. உச்சம் ஆபத்தானது என்று கண் சொல்லும். எத்தனை மடங்கு ஆபத்து என்பதை அந்தப் படம் சொல்லாது.

அச்சின் மேல் குறுக்கே விழும் சின்னச் சின்ன வெட்டுகளைக் கணினிக்காரர்கள் டிக் என்பார்கள். நாம் அளவுக்குறி என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து படம் முழுக்க நீளும் கோடு கட்டக்கோடு. வரைபடம் என்றதும் வளைகோட்டைத்தான் பார்க்கிறோம். அளவுக்குறிகளும் கட்டக்கோடுகளும் தாள் வாங்கும்போதே கூட வருபவை என்ற நினைப்பு நமக்கு. அந்த நினைப்பு பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. பச்சை நிறத்தில் மில்லிமீட்டர் கோடுகள் அச்சடித்த கிராஃப் தாளைத்தான் நம் கையில் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் வரைபட வினாவுக்கு, வலது மேல் மூலையில் 'அளவுத்திட்டம்: x அச்சில் 1 செ.மீ = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ = 10 அலகுகள்' என்று எழுதிவிட்டுத்தான் புள்ளியே வைப்போம். அதை எழுதத் தவறினால் மதிப்பெண் போகும் என்று ஆசிரியர் சொல்லிச்சொல்லி மனதில் பதிந்த பழக்கம். அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய முடிவு என்பதைத்தான் வகுப்பில் பேசுவதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு 10 என்பதா, 100 என்பதா என்பதில் மலை மேடாகிவிடும், மேடு மலையாகிவிடும்.

இன்று அந்த வரியை நமக்காக மென்பொருள் எழுதுகிறது. 1986இல் வெளிவந்த க்னூபிளாட், ஜான் ஹன்டர் 2003இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப், மேட்லேப், எக்செல், பள்ளிப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் வரும் ஜியோஜீப்ரா என எல்லாமே கேட்காமலே அளவுக்குறிகளைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. ஹன்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காகத்தான் மேட்பிளாட்லிப்பை எழுதத் தொடங்கினார். ஒரு நோயாளியின் அலையைச் சரியாகப் படிக்கப் பிறந்த கருவியில் இன்று உலகம் தன் காற்றையும் கடலையும் கடனையும் வரைகிறது.

இந்தத் தானியங்கித் தேர்வு எப்படி நடக்கிறது? பால் ஹெக்பர்ட் 1990இல் எழுதிய ஒரு சிறு குறிப்பு இதற்கு அடிப்படைகளில் ஒன்று. ஒரு வாரம் அளந்த நுண்துகள் அளவுகளில் உச்சம் 187 என்று வைத்துக்கொள்வோம். அச்சில் ஐந்து குறிகள் போதும். 0 முதல் 187 வரை நான்கு இடைவெளியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 46.75. யாரும் 46.75, 93.5 என்று எண்ணிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே 1, 2, 5 ஆகிய மூன்றில் ஒன்றைப் பத்தின் அடுக்கோடு பெருக்கி, 46.75க்கு மிக அருகில் வருவது எது என்று நிரல் தேடுகிறது. விடை 50. அச்சு 0, 50, 100, 150, 200 என்று அமைகிறது. 1, 2, 5 என்ற இந்த வரிசை நம் பையிலேயே இருக்கிறது. 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களும் 20, 50, 100, 200, 500 ரூபாய்த் தாள்களும் இதே கணக்கில்தான் வருகின்றன, மனதில் கூட்டிக் கழிக்க எளிது என்பதால். மேட்பிளாட்லிப் இவற்றோடு 2.5ஐயும் சேர்த்துக்கொள்கிறது, அதனால் அதில் 0, 25, 50, 75 என்ற குறிகளும் அடிக்கடி வரும். லேலண்ட் வில்கின்சன், அவருக்குப் பின் 2010இல் டால்பாட், லின், ஹன்ரஹான் ஆகியோர் இந்தத் தேடலை இன்னும் நுணுக்கமாக்கினார்கள். எண் உருண்டையாக இருக்கிறதா, குறிகள் தரவை முழுவதும் தழுவுகின்றனவா, எழுத்து ஒன்றோடொன்று இடிக்காமல் வருகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுச் சிறந்ததை எடுக்கும் முறை அவர்களுடையது.

நல்ல வேலைதான். ஆனால் இந்த நிரல்களில் எதற்கும் மணலி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

வடசென்னையில் இப்போது காற்றைத் தொடர்ந்து அளக்கும் தானியங்கி நிலையங்கள் உண்டு. மணலியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையமும், ராயபுரம், மணலி கிராமம் ஆகிய இடங்களில் மாநில வாரியத்தின் நிலையங்களும் இருக்கின்றன. அளவுகளை மத்திய வாரியத்தின் இணையதளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 15 நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று எந்த இடைவெளியிலும் கிடைக்கும். ஒரு கல்லூரி மாணவி ராயபுரத்து நுண்துகள் அளவை இறக்கி வரைந்தால், மென்பொருள் 50, 100, 150 என்று கோடு போட்டுத்தரும். அவருக்கு வேண்டிய கோடு 60இல் இருக்கிறது. 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள்களுக்கு, 24 மணி நேரச் சராசரியாக, 2009இல் அறிவிக்கப்பட்ட நம் தேசிய வரம்பு அது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. அது முதல் குறிக்கும் கீழே, பெயரில்லாமல் கிடக்கிறது.

அந்த மாணவி செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. க்னூபிளாட்டில் 'செட் ஒய்டிக்ஸ் ஆட்' என்று எழுதி அடைப்புக்குள் 15, 60 என்று கொடுத்தால் இருக்கிற குறிகளோடு அவையும் சேர்ந்துகொள்ளும். மேட்பிளாட்லிப்பில் குறிகளின் பட்டியலை நாமே கொடுத்துவிடலாம். எக்செலில் அச்சின் மேல் இருமுறை சொடுக்கினால் 'மேஜர் யூனிட்' என்ற பெட்டி திறக்கும். அதில் 50ஐ அழித்து 60 என்று எழுதினால் 0, 60, 120, 180 என்று அச்சே மாறிவிடும். ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரம்பின் மடங்குகளாகவே படம் பேசத் தொடங்கும். எனக்கு இந்தக் கடைசி முறைதான் மிகவும் பிடிக்கும். உருண்டை எண் போனால் போகட்டும். திருவொற்றியூரில் ஆஸ்துமாவோடு இருக்கும் பிள்ளையின் தாய்க்கு 'நேற்று இரண்டாவது கோட்டைத் தாண்டியது' என்று சொன்னால் புரியும்.

அச்சின் குறிகள் சமதூரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இந்தியாவில் காற்றின் தரக் குறியீடு என்று நாம் செய்தியில் கேட்கும் எண்ணே, இழுத்தும் சுருக்கியும் செய்த ஓர் அச்சுதான். நுண்துகள் 0 முதல் 30 வரை இருந்தால் குறியீடு 0 முதல் 50, அதாவது 'நன்று'. 31 முதல் 60 வரை 51 முதல் 100, 'திருப்தி'. 61 முதல் 90 வரைக்குக் குறியீடு 101 முதல் 200. 91 முதல் 120 வரைக்கு 201 முதல் 300. அதன் பிறகு 121 முதல் 250 வரை உள்ள நீண்ட தூரம் முழுவதும் 301 முதல் 400க்குள் அடங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். துகள் அளவு 60இலிருந்து 90க்கு 30 கூடினால் குறியீடு 100 ஏறுகிறது. அதே 30, 150இலிருந்து 180க்குக் கூடினால் குறியீடு ஏறுவது சுமார் 23 மட்டுமே. மூச்சில் போகும் தூசு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நிலக்கரி எரிகிற ஊருக்கு இதைவிட முக்கியமானது கந்தக டை ஆக்சைடு. வடசென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம், மணலியின் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் சூழ்ந்த பகுதி இது. அந்த வாயுவுக்கு 24 மணி நேர வரம்பு 80. குறியீட்டில் அது 100. அடுத்த படி 81இலிருந்து 380 வரை நீள்கிறது, குறியீட்டில் 101 முதல் 200. ஆக, கந்தக டை ஆக்சைடு 230 இருந்தால் குறியீடு 150 காட்டும், 'மிதம்' என்று பெயர் சொல்லும். வரம்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அது. குறியீட்டை வடிவமைத்தவர்கள் உடல்நலப் பாதிப்பைக் கருதித்தான் இந்தப் படிகளை வைத்தார்கள். பொதுமக்களுக்கு ஒரே எண்ணில் செய்தி சொல்ல அது உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குறியீட்டை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்துவது போதாது. இடது அச்சில் குறியீடு இருந்தால் வலது அச்சில் மைக்ரோகிராம் இருக்க வேண்டும். அந்த வலது அச்சின் குறிகள் சமமில்லாமல், ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் நெருங்கியும் நிற்கும். அப்படி நிற்பதைப் பார்த்தாலே, எங்கே அளவைச் சுருக்கியிருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மடக்கை அச்சு என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு பெரிய குறியும் முந்தையதைப்போல பத்து மடங்கு: 10, 100, 1,000, 10,000. இடையில் 2 முதல் 9 வரை சின்னக் குறிகள், மேலே போகப்போக நெருங்கிக்கொண்டே வரும். முதலில் சொன்ன அம்மோனியாக் கணக்கை இதில் போட்டால் சாதாரண நாட்களின் ஏற்ற இறக்கமும் தெரியும், 400இன் இடமும் தெரியும், 2,090உம் தாளுக்குள் நிற்கும். ஒரு குறை உண்டு. 400க்கும் 2,090க்கும் உள்ள ஐந்து மடங்கு வேறுபாடு ஒரு பெரிய கட்டத்தில் முக்கால் பங்கைக்கூட எட்டாது. மடக்கை தெரியாதவருக்கு 'கொஞ்சம்தானே கூடியிருக்கிறது' என்று தோன்றும். ஆய்வேட்டுக்கு மடக்கை அச்சு சரி. ஊர்ச் சபையில் காட்டும் படத்துக்கு நேரியல் அச்சும், அதில் 400இல் தடித்த ஒரே ஒரு கோடும்தான் நேர்மை என்பது என் கருத்து.

இதுவரை பேசியது செங்குத்து அச்சு. கிடைமட்ட அச்சில், அதாவது நேரத்தில், குறிகள் செய்கிற வேலை இன்னும் ஆழமானது. வரம்பு 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கு. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு மணி நேரம் முழுக்க 2,090, மீதி 23 மணி நேரமும் 50. கூட்டினால் 3,240, 24ஆல் வகுத்தால் 135. நாளுக்கு ஒரு புள்ளி என்று வரைந்தால் அன்றைய புள்ளி 400க்கு வெகு கீழே, சாதுவாக உட்கார்ந்திருக்கும். மக்கள் ஓடிய இரவு அந்தப் படத்தில் இல்லை. 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் அதே நாளுக்கு 96 புள்ளிகள். அப்போது அந்த இரவு தெரியும். நாள் சராசரிக்கு வைத்த கோட்டை 15 நிமிட அளவுகளின் மேல் இழுத்துவிட்டு 'மீறல்' என்று சொல்வதும் தவறுதான். கோடு எந்தக் கால அளவுக்கு உரியது என்பதை அதன் மேலேயே எழுதிவிட வேண்டும். கட்டக்கோட்டுக்குப் பெயர் சூட்ட எந்த மென்பொருளிலும் வழி இருக்கிறது. அதைச் செய்யாத படங்களைத்தான் அறிக்கைகளில் அதிகம் காண்கிறோம்.

நேரத்தை வெறும் எண்ணாகக் கொடுத்தால் மென்பொருள் அங்கேயும் 0, 5, 10, 15, 20 என்று குறி போடும். ஒரு நாளை ஐந்தைந்தாகப் பிரித்து வாழ்பவர் யார்? நாளுக்கு 3, 4, 6, 8, 12 ஆகியவைதான் பொருந்தும். காசிமேட்டில் வலை ஏற்றுபவருக்கும், மூன்று ஷிப்டுகளாக ஓடும் தொழிற்சாலைக்காரருக்கும் எட்டெட்டு மணியாகக் கோடு விழுந்தால் படம் உடனே பிடிபடும். தேதியைத் தேதியாகவே கொடுத்தால் மேட்பிளாட்லிப், க்னூபிளாட் இரண்டுமே ஓரளவு புரிந்துகொண்டு சரியாகப் பிரிக்கும். ஆனால் செயற்கைக்கோள் தரவும் வானிலைக் கணிப்புத் தரவும் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அங்கே 0 என்ற குறி நமக்குக் காலை ஐந்தரை. குளிர் மாதங்களின் விடியலில் தரையை ஒட்டிய காற்று மேலே கலக்காமல் தேங்குவதால், அழுக்கும் தேங்கும். காலை ஆறரை மணிக்கு வரும் அந்த உச்சம், மாற்றாமல் விட்ட அச்சில் நள்ளிரவு ஒரு மணியில் நிற்கும். அதைப் பார்த்தவர் இரவு லாரிகளைக் குறை சொல்லக்கூடும். தரவில் பிழையே இல்லை, குறியில்தான் பிழை.

எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்மட்டத்தை வரைபவர்களுக்கு நேர அச்சு இன்னொரு விருந்து. இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். 24 மணிக்கு ஒரு கட்டக்கோடு போட்டுப் பாருங்கள்: ஏற்றத்தின் உச்சி ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போவது தெரியும். சூரியனின் நாளுக்கும் நிலவின் நாளுக்கும் உள்ள வேறுபாடு அது.

காற்றின் திசைக்கு வருவோம். வானிலைக் கருவிகள் திசையை 0 முதல் 360 பாகை வரை தரும். மென்பொருள் அதில் 0, 50, 100, 150 என்று குறி போடும்போது எனக்குக் கோபமே வரும். 50 பாகை என்பது எந்தத் திசை? 0, 90, 180, 270 என்று போட வேண்டும். இன்னும் வேண்டுமானால் 45க்கு ஒன்று. குறிக்குப் பக்கத்தில் எண்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வடக்கிலிருந்து வருவதற்கு வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்றே எழுதலாம். கடற்கரையில் இருப்பவர் அந்த நான்கு சொல்லைக் கொண்டே படத்தைப் படித்துவிடுவார். கடற்காற்று எழும் பிற்பகலில் புள்ளிகள் கொண்டலை ஒட்டித் திரள்வதும், இரவில் கரைக்காற்று வந்து அவை மேற்கே நகர்வதும் தெரியும். கரையோரப் புகைபோக்கிகளின் புகை எந்த நேரத்தில் மணலிப் பக்கம் போகிறது, எந்த நேரத்தில் கடலுக்குப் போகிறது என்ற கேள்விக்கு முதல் விடை அங்கே கிடைக்கும். மேட்பிளாட்லிப்பின் சில பதிப்புகளில் தமிழ் எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், 'கொண்டல்' சிதைந்துவிடும். உலாவியில் ஓடும் ஜியோஜீப்ராவிலும் டெஸ்மாஸிலும் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு கவனமும் வேண்டும். 350 பாகையும் 10 பாகையும் பக்கத்துப் பக்கத்துத் திசைகள். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் படத்தின் மேலிருந்து கீழே ஒரு பொய்க்கோடு பாயும். திசையைப் புள்ளியாகவே விட்டுவிடுவது நல்லது.

குறிகளை உலகத்தில் இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்பதை ரயில்வேக்காரர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் எத்தியென் ழூல் மரே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் நூலில் எடுத்துக்காட்டிய பாரிஸ்–லியோன் ரயில் வரைபடம் புகழ்பெற்றது. கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் நிலையங்கள், ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. நம் ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளிலும் இதே வகைத் தாளில் பென்சிலால் கோடு இழுத்துத்தான் ரயில்களை நகர்த்தினார்கள். இப்போது அதைக் கணினி இழுக்கிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரத்துக்கு அருகிலேயே ஓடும் கும்மிடிப்பூண்டித் தடத்தை அப்படி வரைந்தால் செங்குத்து அச்சில் 1, 2, 3 கிலோமீட்டர் என்று எழுத மாட்டார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு என்று நிலையம் இருக்கும் தூரத்தில் கோடு விழும். இரண்டு நிலையம் நெருக்கம் என்றால் இரண்டு கோடும் நெருக்கம். தூரத்துக்கு ஏற்ப வைத்தால்தான் சாய்வு வேகத்தைச் சொல்லும்: செங்குத்தாக நிமிர்ந்தால் விரைவு, படுத்தால் நிற்கிறது. அழகுக்காகச் சமதூரத்தில் கோடு போட்டால் ஒரே வேகத்தில் ஓடும் ரயில்கூட வளைந்து வளைந்து ஓடுவதாகத் தெரியும். மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிப்போகும் சரக்கு ரயிலும் புறநகர் மின்தொடரும் எங்கே ஒன்றையொன்று மறிக்கும் என்பதை, இரண்டு சாய்கோடுகள் சந்திக்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

கட்டக்கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்க வேண்டும்? கையால் வரைந்த காலத்தில் அது வரைபவருக்கு வேண்டும். புள்ளியை எங்கே வைப்பது என்று எண்ணிப் பார்க்க மில்லிமீட்டர்க் கோடு இல்லாமல் முடியாது. கணினி தானாகப் புள்ளி வைக்கும்போது அந்தத் தேவை போய்விட்டது. இப்போது கட்டக்கோடு படிப்பவருக்கு மட்டுமே. ஆகவே கிராஃப் தாளைப்போல நூற்றுக்கணக்கில் கோடு போட்டால் தரவு கம்பிக்குப் பின்னால் நிற்கும். எட்வர்ட் டஃப்டி 1983இல் வெளியிட்ட நூலில் கட்டக்கோட்டை அடக்கி வாசிக்கச் சொன்னதும் இதனால்தான். பெரிய குறிக்கு மட்டும் வெளிர் சாம்பலில் மெல்லிய கோடு, அதுவும் தரவுக்குப் பின்னால். சின்னக் குறிகளுக்குக் கோடே வேண்டாம், அச்சின் மேல் வெட்டு மட்டும் போதும். மேட்பிளாட்லிப்பில் கட்டக்கோட்டைத் தரவுக்குக் கீழே தள்ளத் தனிக் கட்டளையே உண்டு. செய்தித்தாளில் அச்சிடுவதாக இருந்தால் சாம்பல் நிறம் புள்ளிபுள்ளியாகச் சிதையும். மெல்லிய கறுப்புக்கோடே நல்லது. சட்டம் சொல்லும் வரம்புக்கோட்டை மட்டும் இந்த அடக்கத்திலிருந்து விலக்கிவிடுவேன். அது மற்றவற்றைப்போல மங்கிக் கிடக்கக் கூடாது.

கடைசியாக, இல்லாத அளவைப் பற்றி. கருவி பழுதாகலாம், மின்சாரம் போகலாம், புயலில் தொடர்பு அறுந்துபோகலாம். மூன்று நாள் அளவு இல்லை என்றால் பெரும்பாலான மென்பொருள் முதல் நாளையும் ஐந்தாம் நாளையும் நேர்கோட்டில் இணைத்துவிடும். நடுவில் காற்று சீராக மாறியதாகப் படம் சாட்சி சொல்லும். எக்செலில் தேதியை எழுத்தாக உள்ளிட்டிருந்தால் இன்னும் மோசம்: அந்த மூன்று நாளும் அச்சிலிருந்தே காணாமல் போய், 4ஆம் தேதிக்கு அடுத்து 8ஆம் தேதி ஒரே இடைவெளியில் வந்து உட்கார்ந்துவிடும். தேதியைத் தேதியாகவே உள்ளிட வேண்டும். அளவு இல்லாத நாட்களுக்கும் அச்சில் குறி இருக்க வேண்டும். தரவுக் கோப்பில் அந்த இடத்தில் வெற்று வரி விட்டால் க்னூபிளாட் கோட்டை அங்கே அறுத்துவிடும். பைதானில் 'நேன்' என்ற வெற்று மதிப்பைக் கொடுத்தால் மேட்பிளாட்லிப்பும் அறுக்கும். எண்ணூரிலோ மணலியிலோ யாராவது கசிவு பற்றிப் புகார் செய்த நாள் அந்த இடைவெளிக்குள் விழுந்திருந்தால், அறுந்த கோடுதான் சரியான படம்.